செஞ்சி: நீரும் நெல்லும் காத்த கோட்டை

பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, மராட்டியர்களின் போர்க்கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுதியாக 2025 ஜூலை 11 அன்று உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்க, அம்மாநிலத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இக்கோட்டையின் மதில்களை ஊடறுத்தே செல்வதால் பேருந்துப் பயணிகளின் கண்ணுக்கு இது என்றும் புதியதன்று. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு வருவோருக்கும் குறைவில்லை. எனினும் வருவோரில் பலர் ராஜகிரியின் உச்சியை எட்டுவதையே அந்நாளின் முழு நோக்கமாகக் கொண்டு, அடிவாரத்துக் கட்டடங்களைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஏறி, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். இக்கோட்டை எவ்வாறு போரிட்டது, எதனால் தாக்குப்பிடித்தது, எப்போதெல்லாம் வீழ்ந்தது என்பதற்கான விடைகளில் பெரும்பகுதி உச்சியில் இல்லை, அடிவாரத்திலும் மலைச்சரிவிலும் இருக்கிறது என்பதை அறிந்து செல்லும் குடும்பத்துக்கே அந்த ஒரு நாள் நிறைவாக அமையும்.

செஞ்சி ஒரு மலைக்கோட்டை அன்று. மூன்று மலைக்கோட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு வளாகம். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் ஒரு முக்கோணத்தின் முனைகளாக நிற்க, அவற்றை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியே இவற்றில் பெரியது. இங்குள்ள குன்றுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பெரும் கருங்கற்பாறைகளால் ஆனவை. கோட்டை கட்டியவர்கள் பாறை செங்குத்தாக இருந்த இடங்களில் பாறையையே மதிலாக விட்டுவிட்டு, இடைவெளிகளை மட்டும் கல்லடுக்கி அடைத்திருக்கின்றனர். சற்றுத் தொலைவில் நின்று பார்க்கும் பிள்ளைகளிடம், மலை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று காட்டச் சொன்னால், அவர்கள் தடுமாறுவதே இக்கட்டுமானத்தின் திறத்துக்குச் சான்றாகும்.

மரபு வழிச் செய்திகள் இக்கோட்டையின் தொடக்கத்தை ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவரோடும் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியோடும் தொடர்புபடுத்துகின்றன. இன்று காணப்படும் கட்டடங்களில் பல, விஜயநகரப் பேரரசின் கீழ்த் தொடங்கிப் பின்னர்த் தனியாட்சி செய்த செஞ்சி நாயக்கர்களின் காலத்தவை. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல் நாட்டில் இதற்கு ஈடான நகரம் இல்லை என்னும் கருத்துப்பட எழுதியிருப்பதிலிருந்து, அன்று இது வெறும் பாசறையாக இல்லாமல், மக்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு தலைநகரமாகவே இருந்தது தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர் சுல்தானியர் இதைக் கைப்பற்றினர்; 1677-இல் அவர்களிடமிருந்து மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றினார். பழைய மதில்களில் சிலவற்றை இடித்து, புதிய கொத்தளங்களையும் அகழிகளையும் அமைக்கும் பெரும்பணியை அவர் மேற்கொண்டதை அக்காலத்து இயேசு சபையாரின் கடிதங்கள் பதிவு செய்துள்ளன. கொத்தளம் என்பது மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் அரைவட்ட மேடை. மதிலின் அடியை நெருங்கிவிட்ட பகைவரைப் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்காக அமைக்கப்படுவது. பீரங்கி பெருகிய காலத்துக்கு ஏற்பக் கோட்டை மாற்றப்பட்டதை, கீழ்க்கோட்டையைச் சுற்றி வருகையில் இக்கொத்தளங்களைக் கொண்டே அறியலாம்.

நுழைவாயில்களிலும் இதே கவனம் தெரிகிறது. ஒரு வாயிலைக் கடந்தவுடன் அடுத்த வாயில் நேரெதிரே தென்படுவதில்லை. பாதை திரும்பி, சுவர்களுக்கு இடையே ஒடுங்கிய முற்றத்தில் சென்று, மீண்டும் திரும்பியே உள்ளே நுழைகிறது. கதவை இடிக்க வரும் யானைக்கு ஓடிவர இடம் இருக்கக்கூடாது. திரும்பும் இடத்தில் தயங்கி நிற்கும் படைக்கு மேலே இரு புறமும் வில்லாளரும் துப்பாக்கி வீரரும் இருக்க வேண்டும். இதுவே அவ்வமைப்பின் நோக்கம். அந்த முற்றத்தில் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, மேலே உள்ள சுடுதுளைகளை நோக்கச் செய்தால், பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் போர் என்பது எத்தகைய கொடுமை என்பதை அவர்களே உணர்ந்துகொள்வர்.

கீழ்க்கோட்டையில் முதலில் பார்க்க வேண்டியது, பலரும் இருட்டறை என்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிற நெற்களஞ்சியம். தடித்த சுவர்களும் வளைகூரையும் கொண்ட அப்பெருங்கூடத்துக்குள் நிற்கும்போது வெளியே காயும் வெயில் மறந்தே போகிறது. ஈரமும் எலியும் அண்டாமல் நெல்லைப் பல பருவங்களுக்குச் சேமித்து வைப்பதற்கு அத்தடிமனும் தண்மையும் தேவைப்பட்டன. அருகிலேயே குதிரை லாயமும் உடற்பயிற்சிக்கூடம் எனப்படும் கட்டடமும் அமைந்துள்ளன. இவற்றையெல்லாம் விடக் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். நாற்புறமும் வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே, கூம்பிய கூரையோடு பல அடுக்குகளாக எழும் இக்கோபுர மாளிகையின் ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 8 அடிச் சதுரமான ஓர் அறையும் அதைச் சுற்றி ஒரு தாழ்வாரமுமே உள்ளன. தொலைவிலுள்ள நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே இதன் மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றப்பட்டதாகக் கூறுவர். சுடுமண் குழாய் என்பது குயவர் வனைந்து சூளையில் சுட்ட மண்குழாய். ஒன்றன் வாயில் மற்றொன்றைச் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி நீளமாக இணைப்பார்கள். நீர் தன் மட்டத்துக்கு ஏறும் என்ற இயற்கை விதி ஒன்றே இங்கு எந்திரத்தின் வேலையைச் செய்தது.

செஞ்சியின் உண்மையான வலிமை இந்த நீரமைப்பில்தான் இருந்தது. கருங்கல் மலையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் பாறை வழியே வழிந்தோடிவிடும் இயல்புடையது. அவ்வோட்டத்தை மலையின் ஒவ்வொரு படிநிலையிலும் தடுத்து நிறுத்திய சிறுகுளங்களும் பாறைப் பிளவுகளில் ஊறும் சுனைகளும் ராஜகிரியின் மேற்பகுதி வரை இருந்தன. கீழே ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் என்னும் நீர்நிலைகள் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் ஆயிரக்கணக்கான மக்களுக்கும் நீர் வழங்கின. பகைவர் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டாலும் மேலே இருப்பவர்கள் தாகத்தால் சரணடைய வேண்டியதில்லை. கோட்டைக்காரர்கள் முற்றுகையை எண்ணி அஞ்சாதிருந்தமைக்கு அதுவே காரணம். கோடையில் வற்றியும் பாசி படர்ந்தும் கிடக்கும் இக்குளங்களை, அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் தரும் மதிப்போடு பார்க்கும் பழக்கம் வருவோரிடம் இன்னும் ஏற்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

அந்த நீரும் நெல்லும் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையே விடை. முற்றுகை என்பது கோட்டையை வெளியே சூழ்ந்துகொண்டு, உணவும் உதவியும் உட்செல்லாமல் தடுத்துப் பணியவைக்கும் போர்முறை. 1689-இல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொல்வித்து, தலைநகரான ராய்கட்டையும் கைப்பற்றியபோது, இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தென்னாடு வந்து செஞ்சியை அடைந்தார். அதுமுதல் மராட்டிய அரசின் அவை இங்கேதான் கூடியது. ஆணைகளும் மானியங்களும் இங்கிருந்தே பிறந்தன. கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் விலைக்கு வாங்கியது இம்மராட்டிய ஆட்சியிடமிருந்துதான். கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அவ்விற்பனையில் அடங்கும் என்பது உடன்பாடு. அவ்வாறு கம்பெனிக்குச் சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன.

ராஜாராமைப் பிடிப்பதற்காக முகலாயப் பேரரசு அனுப்பிய படைத்தலைவர் சுல்பிகார் கான் 1690-இல் செஞ்சியின் முன் பாளையம் இறங்கினார். ஆயினும் மூன்று மலைகளையும் காடுகளையும் உள்ளடக்கிய 13 கிலோமீட்டர் வளையத்தை முழுமையாகச் சூழ்ந்துகொள்ள எந்தப் படையாலும் இயலாது என்பதை அவர் விரைவிலேயே கண்டார். அடைபடாத பக்கங்கள் வழியே உள்ளிருப்போருக்கு உணவும் செய்தியும் வந்துகொண்டேயிருக்க, வெளியே கிடந்த முகலாயப் படையின் உணவுவழிகளைச் சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தலைவர்கள் தம் விரைந்த குதிரைப்படையால் அறுத்தனர். ஆக, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளாயினர். முகலாய முகாமில் பஞ்சம் புகுந்தது. பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசுவதாக ஐயம் எழ, சுல்பிகார் கானும் அவர் தந்தை ஆசத் கானும் அந்த இளவரசரையே காவலில் வைத்தனர். 1693-இன் தொடக்கத்தில் முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் தொடங்கிய முற்றுகை 1698-இன் தொடக்கத்தில் கோட்டை பிடிபட்டதோடு முடிந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் கோட்டையை விட்டு வெளியேறி மகாராஷ்டிரம் சேர்ந்துவிட்டார். அவர் தப்பிச் செல்வதைச் சுல்பிகார் கான் அறிந்தே விட்டிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எவ்வாறாயினும், எட்டு ஆண்டுகள் பேரரசின் ஒரு பெரும்படையை இந்தப் பாறைகள் தம் காலடியில் கட்டிப்போட்டிருந்த காலத்தில்தான் மராட்டியர் தம் தாயகத்தில் மீண்டும் திரண்டெழுந்தனர். மராட்டிய வரலாற்றில் செஞ்சிக்குத் தனியிடம் தந்தவை இந்த எட்டு ஆண்டுகளே.

இதை அறிந்தபின் ராஜகிரியில் ஏறுவது வேறோர் அனுபவமாகிறது. படிகள் உயரம் ஒழுங்கற்றவை. சில இடங்களில் முழங்கால் உயரம் வருபவை. வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் நிழலில் இளைப்பாறலாம். முதியோரும் முழங்கால் வலியுள்ளோரும் அதற்குமேல் வற்புறுத்திக்கொள்ளத் தேவையில்லை. உச்சியை நெருங்கும் இடத்தில், மலையின் தலைப்பகுதியை உடலிலிருந்து வெட்டிப் பிரித்ததுபோல் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பாறைப்பிளவு குறுக்கிடுகிறது. இன்று அதன்மேல் உள்ள பாலத்தில் நடந்து கடக்கலாம். போர்க்காலத்தில் அங்கிருந்தது வேண்டும்போது விலக்கிக்கொள்ளத்தக்க மரப்பாலம். அதை எடுத்துவிட்டால், உச்சியிலிருக்கும் சில வீரர்களே ஒரு படையை எதிர்த்து நிற்க முடியும் என்பதைப் பாலத்தின் நடுவில் நின்று கீழே நோக்கும் எவரும் ஒப்புவர். அப்பால் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியங்களும் மணிக்கூண்டும் உள்ளன. மேலே நின்றால் மற்ற இரு குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதில்களும் வரைபடத்தில் கண்டதுபோல் விரிகின்றன. மேலேறியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது, அடைபடாமல் போன அந்த வளையத்தின் நீளமே.

நேரத் திட்டமும் இங்கு முக்கியமானது. ஏறி இறங்கக் குறைந்தது மூன்று மணி நேரமாவது தேவைப்படுவதாலும், பிற்பகலில் ஒரு நேரத்துக்குப்பின் மலையேற விடமாட்டார்கள் என்பதாலும், வாயில் திறந்தவுடன் மலையை முடித்துக்கொண்டு, வெயில் ஏறியபின் கீழ்க்கோட்டைக் கட்டடங்களின் நிழலுக்கு வருவதே முறை. சித்திரை வைகாசியில் பாறை அனலாகக் காயும். ஐப்பசி கார்த்திகை மழையில் படிகள் வழுக்கும். மார்கழியும் தை மாசியுமே குடும்பத்தோடு வர உகந்தவை. குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். குரங்குகள் மிகுதி, கட்டுச்சோற்றுப் பொட்டலமோ தின்பண்டப் பையோ கையில் தொங்கினால் அவை பறிக்காமல் விடமாட்டா, எனவே உணவை இறங்கி வந்தபின் உண்பதே நல்லது.

கீழ்க்கோட்டைக்கு அருகே பிள்ளைகளை ஈர்க்கும் மற்றோர் இடம், சிறைக்கிணறு எனச் சுட்டப்படும் பெரும்பாறை. மேலே செங்கல் வளையம் கட்டிய துளையுடைய அப்பாறைக்குள் குற்றவாளிகளைத் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டனர் என்று கதை சொல்லப்படுகிறது. கதை உண்மையோ அன்றோ, போர்க்கோட்டை ஒன்றில் வீரத்துக்குப் பக்கத்திலேயே கொடுமையும் குடியிருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

தமிழ் மக்களின் நினைவில் செஞ்சி என்றதும் எழும் பெயர் ராஜாராமுடையது அன்று, தேசிங்குராஜனுடையது. முகலாயர் கோட்டையைக் கைப்பற்றியபின், புந்தேலகண்டத்து ராஜபுத்திரரான சுவரூப் சிங்கை 1700-இல் இதன் கில்லேதாராக, அதாவது கோட்டைக் காவல் தலைவராக, அமர்த்தினர். 1714-இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற மகன் தேஜ் சிங்கே தமிழ்நாட்டு நாவில் தேசிங்கு ஆனார். கப்பப் பாக்கியைக் கேட்ட ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்த அவர், 1714 அக்டோபர் 3 அன்று, தம் படையினும் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து இறந்தபோது அவருக்கு வயது 22. நண்பர் மகபத்கானும் அதே போரில் மாண்டார். பத்து மாதங்கள்கூட நிறைவாக ஆளாத, வடநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞரைத் தமிழ் நாட்டுப்புறப் பாடகர்கள் தம் சொந்தப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, அவருடைய பாராசாரிக் குதிரையையும் மகபத்கானின் நீலவேணிக் குதிரையையும் ஊர் ஊராகப் பாடிப் பரப்பினர், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படம் அக்கதையை மேலும் பரப்பியது. இந்துவும் முஸ்லிமுமான இரு தோழர்கள் ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுத்ததை மக்கள் நெஞ்சு விடாமல் பற்றிக்கொண்டது என்பதே இதன் சிறப்பு. தேசிங்கின் உடல் எரிக்கப்பட்ட இடம் செட்டிக்குளக் கரையில் காட்டப்படுகிறது. அவருடைய இளம் மனைவியும் உடன்கட்டை ஏறினார் என்றும், அவர் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டையை உருவாக்கினார் என்றும் கூறுவர். ஓர் இளம்பெண்ணின் உயிர் நெருப்பில் போனதை வீரக்கதையின் அணிகலனாக்கிச் சொல்லாமல், அதன் துயரத்தோடே பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் நேர்மை.

அதற்குப் பின் வந்த போர்கள் குறுகியவை. எட்டு ஆண்டுகள் பிடிபடாமல் நின்ற இக்கோட்டையை, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே இரவில் கைப்பற்றினார். வெளியே தோற்றோடி வந்த எதிரிப்படை உள்ளே குழம்பிக் கிடந்த நேரத்தில் பிரெஞ்சு வீரர்கள் வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருளிலேயே மலைகளின் மேல் ஏறிவிட்டனர். நெல்லும் நீரும் இருந்தும், ஒழுங்கோடு காக்கும் ஆள்கள் இல்லாததால் வந்த வீழ்ச்சி அது. வென்றவர்களும் இங்கே நலமாக வாழவில்லை. பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பிய வீரர்களை இவ்விடத்துக் காய்ச்சலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பலிகொடுத்ததாகச் சொல்லப்படுவதை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் குறித்துள்ளார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபின், ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1780-இல் ஹைதர் அலியின் படை இதைப் பிடித்ததே கோட்டை கண்ட கடைசிப் போர்.

சாலைக்கு வடபுறமுள்ள கிருஷ்ணகிரிக்குச் செல்வோர் குறைவு. ஆனால் சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு ராஜகிரியைவிட அதுவே பொருத்தமானது. ஏற்றம் குறைவு, கூட்டமும் இல்லை. மேலே குவிமாடக் கூரையுடைய காட்சி மண்டபத்தின் வளைவுகளில் காற்று தடையின்றி வீசும். அங்குள்ள களஞ்சியங்களை ஒட்டி, செங்கல்லால் கட்டி உட்புறம் பூசப்பட்ட இரண்டு தொட்டிகளை எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று அழைக்கின்றனர். முற்றுகைக் காலத்தில் சமையலுக்கும் விளக்குக்கும் காயத்துக்கும் வேண்டிய எண்ணெயையும் நெய்யையும் கிணற்றளவில் சேமித்துவைத்த இடம் அது என்பதே மக்கள் வழக்கு. எட்டு ஆண்டுக்கால முற்றுகையில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்டத்தக்க பொருள் செஞ்சியில் இதைவிட வேறில்லை.

கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலைக் கடைசியாகப் பார்ப்பவர்கள், அதன் மண்டபங்களில் தூண்கள் குறைந்து வெறுமை தட்டுவதைக் காண்பர். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன கற்றூண்கள் புதுச்சேரியை அடைந்தன. அந்நகரக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் 8 கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவை என்றே சொல்லப்படுகின்றன. புதுச்சேரி வழியாக ஊர் திரும்பும் குடும்பத்தார் அங்கும் வண்டியை நிறுத்தி அத்தூண்களின் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.